வசிலியா ஒற்றைக் காலில் நின்ற கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் எழுத்துத் திறமை அல்ல, என் தொப்பை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நிக்ஷிச் என்ற இந்த ஐரோப்பிய ஊரில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விளையாட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தியின் ஆராய்ச்சிக்கு ஆட்கள் வேண்டும். நாற்பது தாண்டியிருக்க வேண்டும், உடற்பயிற்சிப் பழக்கம் அறவே இருக்கக் கூடாது.

"உங்க போட்டோவ ஒட்ட மறந்துட்டாங்க போல," என்றாள் கடைக்காரம்மா, இறைச்சி அடைத்த புரெக் அப்பத்தைத் தாளில் சுற்றியபடி.

அப்படித்தான் அந்த மாணவி சென்காவிடம் போய்ச் சேர்ந்தேன். கல்லூரியின் அடித்தளத்தில், பழைய மெத்தைகளும் உடைந்த தாண்டுகுதிரையும் போட்டுவைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. தரையில் ஓர் இரும்புத் தட்டு பதித்திருந்தார்கள். அதன்மேல் வெறுங்காலோடு, ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்பதைத் தட்டு உணர்ந்து திரையில் கோடாக இழுக்கும். என் கோடு, மைப்புட்டியில் விழுந்து எழுந்த ஈ காகிதத்தில் நடந்துபோனது போல இருந்தது. அதன் பிறகு நான் விழுந்தேன்.

சென்கா கைகொடுத்துத் தூக்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"கவலப்படாதீங்க மாமா. நீங்க எவ்ளோ மோசமா நிக்கிறீங்களோ, அவ்ளோ நல்லா என் ஆராய்ச்சி வரும்."

ஹேண்ட்பால் ஆடும் பெண்களுக்கு உடம்பைச் சமநிலையில் வைக்கும் திறன் மற்றவர்களைவிடக் கூடுதலா, சில பயிற்சிகளால் அது இன்னும் கூடுமா என்பதுதான் அவளுடைய முதுகலை ஆராய்ச்சி. ஒரு முனையில் ஊர்க் கிளப்பின் வீராங்கனைகள். நடுவில் சாதாரண மாணவிகள். மறு முனையில் நாற்காலியிலேயே காலம் தள்ளும் என்னைப் போன்றவர்கள். ஆட்டப் பருவம் முழுக்க அவ்வப்போது போய் நிற்க வேண்டியிருந்தது. நிற்கிற நேரம் கொஞ்சம், பேசுகிற நேரம் அதிகம். கதை அங்கேதான் கசிந்தது.

[ஹேண்ட்பாலைக் 'கைப்பந்து' என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதுமே நீங்கள் நடுவில் ஒரு வலையைக் கட்டிவிடுவீர்கள் என்று பட்டது. அடித்துவிட்டேன். இது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். எறிபவள் காற்றில் பாய்ந்து வந்து எறிவாள். கோல்கீப்பர் கையால் தடுப்பாள், காலால் தடுப்பாள், வேறு வழியில்லாதபோது முகத்தால் தடுப்பாள்.]

2

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்தது."

இந்த ஊரில் இது தொடக்கம் ஆகாது. இங்கே எதை எழுதினாலும் மழை பெய்துகொண்டுதான் இருக்கும்.

தொடக்கம் இரண்டு: "வசிலியாவின் கண்களில் ஒரு—"

வேண்டாம். கதை நடந்த அந்த வாரம், ஊர்க் கிளப்பின் கோல்கீப்பரான அவள் கண்களை யாருமே பார்க்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், அந்த மழையிலும். டயர்க் கடைக்கு வேலைக்குப் போகும்போதும் அதே கண்ணாடி. "சினிமாவுல நடிக்கப் போறியாடீ?" என்று தோழிகள் கேலி செய்தார்கள். "ஆமா, உங்கம்மா கேரக்டர்," என்றாள் அவள். இப்படிப் பட்டென்று பதில் சொல்லக்கூடிய பெண்ணுக்கு உடம்பில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

[அவர்கள் 'டீ' சொல்லவில்லை. அவர்கள் மொழியில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் குரலில் அது இருந்தது. நான் இந்த ஊருக்கு வந்து தலை நரைத்துவிட்டது. எந்தக் குரலில் 'டீ' இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.]

மூன்றாவது தொடக்கத்தை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். தொப்பையில் தொடங்குவது. அது தங்கிவிட்டது.

3

சென்காவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாக அவள் போதவில்லை. ஆகவே அவளுக்கு ஓர் இறந்தகாலம் கொடுத்தேன்: அவளும் வசிலியாவும் பள்ளி அணியில் ஒன்றாக ஆடியவர்கள், சென்காவின் முழங்கால் சவ்வு கிழிந்தது, ஆட்டம் போனது, அந்த வலியிலிருந்து ஆராய்ச்சி பிறந்தது. மூன்று பக்கம். எனக்கே கண் கலங்கியது. அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"முட்டியெல்லாம் நல்லாத்தான் மாமா இருக்கு," என்றாள். "நான் கேவலமா ஆடுவேன். அதனால பெஞ்சுலயே உக்காந்திருப்பேன். உக்காந்து உக்காந்து மத்தவங்க எப்படிக் குதிக்கிறாங்க, எப்படி இறங்குறாங்கன்னு பாத்துட்டிருந்தேன். அவ்ளோதான்."

மூன்று பக்கமும் போயிற்று. ஒரே அணியில் இருந்தது மட்டும் உண்மை. வசிலியா அப்போதே கோல்கீப்பர்.

பருவத் தொடக்கத்தில் ஊர்க் கிளப்பின் உடைமாற்றும் அறையில் நின்று சென்கா ஆள் கேட்டபோது ஒருத்தியும் கை தூக்கவில்லை. தட்டு சொல்வதை வைத்துக் கோச் தங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார் என்று பயம். "உங்க அளவு எதுவும் கோச்சுக்குப் போகாது. இது என் வாக்கு," என்றாள் சென்கா. முதலில் எழுந்தவள் வசிலியா. "இவ பொய் சொல்ல மாட்டா. சொல்லத் தெரியாது," என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

முதல் அளவில் வசிலியாவின் கோடு கோடாகவே இல்லை. பேனா ஒரே இடத்தில் ஊறியது போல ஒரு புள்ளி. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "காபி எப்ப தருவ?" என்று கேட்டாளாம்.

4

வசந்தத்தில் இரண்டாவது அளவு. அந்தச் சனிக்கிழமை பெரிய ஆட்டம். ஜெயித்தால் கிளப் மேல் பிரிவுக்குப் போகும். அதைவிட, ஹங்கேரிக் கிளப் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வசிலியாவைப் பார்க்க வருவதாக இருந்தது.

அவள் அறைக்குள் வந்ததும் குழல்விளக்கை அணைக்கச் சொன்னாள். கண் கூசுகிறதாம். தட்டின்மேல் ஏறி ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடினாள். உடனே சுவரைப் பிடித்தாள்.

"வழுக்குது," என்றாள்.

மறுபடி ஏறினாள். மறுபடி சுவர். திரையில் வந்த கோட்டைப் பார்த்ததும் சென்காவுக்கு என் நினைவு வந்ததாம். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தலையில அடிபட்டுச்சா?"

"இல்ல."

"வசிலியா."

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல ஒரு பந்து. இங்க." நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "லேசாத்தான். எந்திரிச்சு மீதி ஆட்டத்தையும் ஆடினேனே!"

"டாக்டர பாக்கணும். இன்னிக்கே. கோச்சுக்கும் தெரியணும்."

"நீ சொல்ல மாட்ட," என்றாள் வசிலியா. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "வாக்கு குடுத்திருக்க. நான்தான் உனக்கு முதல்ல கை தூக்கினேன்."

கதவு சாத்தப்பட்டது.

தலையில் அடிபட்டு மூளை குலுங்கி, அது ஆறுவதற்குள் இன்னோர் அடி பட்டால் என்னவெல்லாம் ஆகலாம் என்பது சென்காவுக்குப் பாடம். தேர்வில் எழுதியிருக்கிறாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். சொன்னால், வாக்கு போகும்; அதோடு எல்லா வீராங்கனைகளும் எழுந்து போவார்கள், ஆராய்ச்சியும் போகும். சொல்லாவிட்டால், சனிக்கிழமை அந்தப் பெண் கோலில் நிற்பாள்.

தன் பேராசிரியை ராதோய்க்காவிடம் ஓடினாள். அந்தம்மா எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"அப்படியொரு வாக்க நீ குடுக்கும்போதே நான் தடுத்திருக்கணும்," என்றார். "உயிர் சம்பந்தப்பட்டதுக்கு விலக்கு வெச்சிருக்கணும். அது என் தப்பு. நாளைக்கு சாயந்திரம் பயிற்சி ஆரம்பிக்கறதுக்குள்ள வசிலியாவே கோச்கிட்ட சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன். நீ இல்ல, நான். அதுவரைக்கும் அவள பேசிச் சம்மதிக்க வெக்கறது உன் பொறுப்பு."

5

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் சென்கா நேராகக் கோச்சிடம் போகிறாள். கோச் பிளகோதாவுக்கு நான் தடித்த மீசையும் ஜெயிக்கும் வெறியும் கொடுத்திருந்தேன். "ஆட்டம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அவர் மேசையைக் குத்துகிறார். நன்றாக ஓடியது. ஆனால் நான் பிளகோதாவைச் சந்தைக்குப் போகும் வழியில் அடிக்கடி பார்ப்பவன். மனிதருக்கு மீசையே கிடையாது.

இரண்டாவது வரைவில் யாரும் சொல்லவில்லை. வசிலியா ஆடுகிறாள். கடைசி நிமிடத்தில் எதிரணிப் பெண் பாய்ந்து வந்து எறிகிறாள், பந்து நேராக—

நிறுத்திவிட்டேன். நான் எழுதும் காபிக்கடையில் பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பெண்ணை, என் கதைக்கு உச்சக்கட்டம் வேண்டும் என்பதற்காகக் கீழே விழவைக்க எனக்குக் கை வரவில்லை. சென்காவிடம் இதைச் சொன்னேன். "விழ வெச்சுப் பாருங்க, அந்தத் தட்டப் பேத்து உங்க மேலயே போடறேன்," என்றாள்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். என் கற்பனையைவிட அது சத்தம் குறைந்தது.

6

மறுநாள் மதியம் டயர்க் கடைக்குப் பின்னால் இருவரும் சண்டை போட்டார்கள். வசிலியா ஒற்றைக் காலில் நின்றாள். இந்த முறை தட்டில் அல்ல. நம் ஊர் அர்த்தத்தில். ஆடியே தீருவேன் என்று.

"ஹங்கேரியிலேர்ந்து ஆள் வர்றான் சென்கா. எனக்காக. இந்த ஊருக்கு யாராவது யாருக்காகவாவது வந்து பாத்திருக்கியா?"

"இன்னொரு தடவ வருவான்."

"உனக்கு வருவான். நீ படிச்சவ. இந்தக் காலேஜ் இல்லன்னா வேற காலேஜ். எனக்கு இந்தச் சனிக்கிழமைய விட்டா டயர்தான். டயர், டயர், டயர்." வரிசையாக அடுக்கியிருந்ததை உதைத்தாள். "என்ன ஒத்தக் கால்ல நிக்க வெச்சு நீ பட்டம் வாங்கிட்டுப் போயிடுவ. நான் நின்ன எடத்துலயே நிக்கணும். இல்ல?"

அந்தக் கேள்வி நியாயமானது என்று சென்கா இப்போதும் சொல்கிறாள்.

கடையின் பின்சுவர் ஓரம் வசிலியாவின் பழைய பந்து ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுத்து சென்காவின் கையில் திணித்தாள்.

"நீயே போடு. புடிக்கறனா இல்லயான்னு பாத்துக்கோ."

"போட மாட்டேன்."

"போடுடீ!"

"மாட்டேன். சனிக்கிழமை எவளாவது போடுவா. நீ யாருன்னே தெரியாதவ போடுவா. நான் போட மாட்டேன், வசிலியா. என்னால முடியாது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். வசிலியா பந்தைப் பிடுங்கித் தானே சுவரில் ஓங்கி எறிந்தாள். திரும்பி வந்த பந்துக்கு அவள் கை நீண்டது, ஆனால் பந்து இல்லாத இடத்துக்கு. அது அவள் தோளை உரசிக்கொண்டு போய், சகதியில் நின்றிருந்த ஒரு வண்டிக்கடியில் உருண்டது.

யாரும் அதை எடுக்கப் போகவில்லை. வசிலியா டயர் அடுக்கின்மேல் மெதுவாக உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டு பந்து வந்துச்சு," என்றாள். "எது நிஜம்னு தெரியல." கண்ணாடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமையிலேர்ந்தே இப்படித்தான். வாந்தி வருது. அம்மாகிட்ட கூட சொல்லல. பயமா இருக்குடீ."

சென்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் நனைந்தார்கள். [மழையை எப்படியும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன், பாருங்கள்.]

7

பயிற்சிக்கு முன்பு வசிலியாவே போய்ச் சொன்னாள். சென்கா அரங்கக் கதவருகே நின்றாள்.

பிளகோதா மேசையைக் குத்தவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உக்கார வெச்சிருவீங்க."

"ஆமா. உக்கார வெப்பேன். உனக்குன்னு தல ஒண்ணுதான இருக்கு?" குரல் உடைந்தது. அதை மறைக்கவோ என்னவோ, சென்காவின் பக்கம் திரும்பிக் கத்தினார். "நீ! என் பொண்ணுங்கள அளக்கற, குறிக்கற, எனக்கு ஒரு வார்த்த கிடையாது. என்ன ஆராய்ச்சி இது?"

"வாக்கு குடுத்திருந்தேன், கோச்."

"அப்ப வாக்க மாத்து! இவளுங்க எல்லாரும் இங்கதான நிக்கறாங்க, கேளு!"

சென்கா கேட்டாள். வீராங்கனைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அணியின் மூத்தவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "தலையில அடின்னா டாக்டருக்கும் சொல்லு, கோச்சுக்கும் சொல்லு. ஆனா எங்க எடைய மட்டும் செத்தாலும் சொல்லாத."

எல்லாரும் சிரித்தார்கள். வசிலியாவும் சிரித்து, தலையைப் பிடித்துக்கொண்டாள். பிளகோதா தன் காரிலேயே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஆட்டம் கூடாது, வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது என்றார் டாக்டர்.

8

சனிக்கிழமை ஜெயித்தோம் என்று எழுத எனக்கு ஆசை. தோற்றோம். ஒரே ஒரு கோலில்.

சத்தம் கூடாது என்பதால் வசிலியா அரங்கத்துக்கு வெளியே சென்காவின் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இரு என்றால் கேட்கவில்லை. நான் தூதன். உள்ளே போய்ப் பார்ப்பது, மூச்சு வாங்க வெளியே வந்து கார்க் கண்ணாடி வழியே மெல்லிய குரலில் சொல்வது. பருவம் முழுக்க நான் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். அவளுக்குப் பதிலாக நின்ற சின்னப்பெண் பிரமாதமாக ஆடினாள். கடைசிப் பந்து மட்டும் அவள் விரலில் பட்டு உள்ளே போனது.

"நான் இருந்திருந்தா அத புடிச்சிருப்பேன்," என்றாள் வசிலியா. அழுதாள்.

"புடிச்சிருப்ப," என்றாள் சென்கா. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹங்கேரிக்காரர் சிகரெட் பிடிக்க வெளியே வந்தார். பிளகோதா அவரைக் கார் அருகே கூட்டிவந்து விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் குனிந்து பார்த்து, இந்த ஊர் மொழியை உடைத்து உடைத்துப் பேசினார்: "குணமாகு. அப்புறம் கூப்பிடறேன்."

மரியாதைக்குச் சொன்னது என்று எல்லாருமே நினைத்தோம்.

9

[எனக்குள் இருக்கும் கட்டுரைக்காரன் தலைகாட்ட வேண்டிய இடம் இது. மனித உடம்பு எவ்வாறு மெல்ல மெல்ல— வேண்டாம். சுருக்கமாகச் சொல்கிறேன்.]

கோடை முழுக்க வசிலியா மீண்டாள். முதலில் இருட்டறை. பிறகு ஆற்றங்கரையில் நடை. பிறகு நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். பிறகு ஓட்டம். பந்து எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். தலைவலி வந்தால் ஒரு படி கீழே இறங்கித் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டு முறை இறங்கினாள். இரண்டாம் முறை சென்காவின் மேல் தண்ணீர்ப் புட்டியை வீசினாள். குறி தப்பவில்லை என்பதில் சென்காவுக்கு ஒரே சந்தோஷம்.

சென்காவின் ஆய்வேட்டில் வசிலியாவின் இரண்டாம் அளவு கணக்கில் சேரவில்லை. தேர்வாளர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, ஒரு நல்ல வீராங்கனையை இழந்ததில் முடிவு பலவீனமாகிவிட்டதே என்றார். "இழக்கலங்க," என்றாள் சென்கா. "வெளிய உக்காந்திருக்கா." முடிவு கொஞ்சம் பலவீனம்தான், பட்டம் முழுசாகவே கிடைத்தது. இப்போது அவள் அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்கியிருக்கிறாள்: தலையில் அடிபட்ட வீராங்கனைகள் எந்தக் கட்டத்தில் பத்திரமாகத் திரும்பலாம்? ஆள் கேட்டு உடைமாற்றும் அறைக்குப் போனபோது, அவள் பேசி முடிப்பதற்குள் கைகள் எழுந்துவிட்டன.

இலையுதிர் காலத்தில் ஹங்கேரியிலிருந்து போன் வந்தது. ஒரு வாரம் வந்து அணியோடு பயிற்சி செய், பார்க்கலாம் என்று.

10

இன்று காலை பேருந்து நிலையத்தில் நாங்கள் மூவர்: சென்கா, பிளகோதா, நான். வசிலியா பையைப் பேருந்தின் அடியறையில் வைத்துவிட்டு வந்தாள்.

"என்னப் பத்தி எழுதறீங்களாமே. கடைசில என்ன ஆகறேன்?"

"தெரியலம்மா. அதுதான் முடிக்க முடியாம தவிக்கிறேன்."

"தெரியாமயே விடுங்க. நான் போய் என்னன்னு பாத்துட்டு வர்றேன். நீங்க முன்னாடியே எழுதிட்டீங்கன்னா எனக்குக் கை நடுங்கும்."

பிளகோதா அவளுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. சென்கா, "தலவலிச்சா—" என்று ஆரம்பித்தாள். "சொல்லிடுவேன். முதல்ல உனக்கு, அப்புறம் அவங்களுக்கு, அப்புறம் அம்மாவுக்கு. போதுமா?" என்றாள் வசிலியா. ஓட்டுநர் ஒலியெழுப்பினார்.

பேருந்து திரும்பி மறைந்ததும் சென்கா என்னைப் பார்த்து, "சரி மாமா, எழுதுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவளுக்கு அங்கே இடம் கிடைத்ததா, முதல் நாளே திருப்பி அனுப்பினார்களா, வேறொரு பெண் பிரமாதமாக ஆடினாளா — மூன்றுக்கும் வாக்கியங்கள் என்னிடம் தயார். ஒன்றையும் போடப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சத்தமாகச் சொல்லாதீர்கள், அவளுக்குக் கை நடுங்கும்.

நான் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். 'வசிலியா போய்விட்டாள்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஏதோ இழவு விழுந்தது போல இருந்தது. அடித்துவிட்டுத் திருத்தினேன்.

வசிலியா போயிருக்கிறாள்.